முதலில் அச்சைத் திறந்து பாருங்கள்: எலக்ட்ரானிக்ஸ் சாதனத்துக்கு பிளாஸ்டிக் உறை வரைய வருகிறவர்களுக்கு

லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) மிக மோசமாக இருந்த 2023-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுக்கு வீடு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வந்து சேர்ந்தது. வைஃபை ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மின்சாரம் போனதும் தன் பேட்டரியிலிருந்து ரூட்டரை ஓட்டும். மினி யூபிஎஸ். திறந்தால் உள்ளே அதிகமாக ஒன்றும் இருக்காது: சில லித்தியம் செல்கள், ஒரு பிசிபி (மின்சுற்றுப் பலகை), நாலு ஸ்க்ரூ, மேல் மூடி, கீழ் மூடி. பிளாஸ்டிக் உறை வரையப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த டப்பாவையே வைத்துப் பேசப்போகிறேன். அளவு 120 மி.மீ. நீளம், 80 அகலம், 30 உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

நான் கோவையில் பம்ப் உறைகள் வரைந்துவிட்டு இங்கே வந்தவன். ஊரிலிருந்து வேலைக்கு வருகிற இளைஞர்களும், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து தாத்தா பாட்டியின் மொழியைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களும் தங்கள் முதல் வரைபடத்தோடு என்னிடம் வருவார்கள். படம் அழகாக இருக்கும். ஆனால் அந்தத் துண்டு அச்சை விட்டு வெளியே வராது.

எத்தனை வேண்டும்?

வடிவத்தைத் தொடுவதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி இது. இருபது டப்பா போதும் என்றால் எஃகு அச்சைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு மாதிரித் துண்டைச் செய்து, அதைச் சுற்றி சிலிக்கோன் ஊற்றி அச்செடுத்து, அதில் பாலியூரித்தேன் வார்க்கலாம். ஒரு சிலிக்கோன் அச்சு ஏறக்குறைய இருபது துண்டு தாங்கும், அப்புறம் கிழிய ஆரம்பிக்கும். நூறு, இருநூறு என்றால் நைலான் பொடியில் 3டி பிரிண்ட் கட்டுபடியாகலாம். ப்ளூம்ஃபொன்டைனில் உள்ள சென்ட்ரல் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜியில் இந்த வேலைக்கென்றே 1997-லிருந்து ஒரு மையம் நடக்கிறது. ஆயிரக்கணக்கில் என்றால்தான், உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்.

3டி பிரிண்ட் எந்தத் தப்பையும் மன்னித்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். சரிவு இல்லாத சுவர், ஓரிடத்தில் 6 மி.மீ. கனம், உள்பக்கம் வளைந்த கொக்கி, எதுவானாலும் அடித்துக் கொடுக்கும். "மாதிரி நன்றாக வந்ததே" என்று அதே கோப்பை அச்சுப்பட்டறைக்கு அனுப்புகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

எந்த பிளாஸ்டிக்?

உட்புறச் சாதனம் என்றால் பெரும்பாலும் ஏபிஎஸ். அளவு நிலையாக இருக்கும், மேற்பரப்பு நன்றாக வரும், விலையும் பரவாயில்லை. கொஞ்சம் அதிகச் சூடும் அடியும் தாங்கவேண்டும் என்றால் பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் கலந்த ரகம். ஒளி ஊடுருவ வேண்டிய ஜன்னலுக்குத் தனிப் பாலிகார்பனேட். வெயிலில் நிற்கும் பெட்டிக்கு ஏபிஎஸ் ஆகாது. அதற்குள் இருக்கும் பியூட்டடீன் ரப்பரைப் புற ஊதாக் கதிர் தின்றுவிடும், மேற்பரப்பு மஞ்சளித்து நொறுங்கும். அங்கே ஏஎஸ்ஏ போடுங்கள். குணத்தில் ஏபிஎஸ்ஸின் தம்பி, ஆனால் வெயில் தாங்கும் அக்ரிலேட் ரப்பர் உள்ளது. டர்பன் வெயிலில் கேட் மோட்டார் மூடி வரைகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

பாலிப்ரொப்பிலீன் இந்த நாட்டிலேயே தயாராகிறது, விலையும் குறைவு. அதனால் "அதிலேயே போட்டுவிடலாமே" என்று யாராவது கேட்பார்கள். அது சுருங்கும் விதமே வேறு. ஏபிஎஸ் ஆறும்போது சுமார் 0.5% சுருங்கும், நமது 120 மி.மீ. டப்பாவில் அது 0.6 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் ரகத்தைப் பொறுத்து 1 முதல் 2.5% வரை போகும், 1.5% என்று வைத்தாலே 1.8 மி.மீ. அச்சு வெட்டுகிறவர் இந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டுத்தான் எஃகைப் பெரிதாக வெட்டுகிறார். வெட்டி முடித்த பிறகு பிளாஸ்டிக்கை மாற்றினால் டப்பாவின் எல்லா அளவும் மாறிவிடும்.

உள்ளே லித்தியம் செல் இருப்பதால் தீப்பிடிக்கும் தன்மையையும் பார்க்கவேண்டும். யூஎல் 94 சோதனையில் வி-0 தரம் என்றால், செங்குத்தாக நிறுத்திய துண்டுக்கு 10 நொடி வீதம் இரண்டு முறை தீ வைத்து எடுத்தபின், ஒவ்வொரு முறையும் 10 நொடிக்குள் தானாக அணையவேண்டும்; எரியும் சொட்டும் விழக்கூடாது. இந்தத் தரம் கனத்தோடு சேர்ந்தது. 1.5 மி.மீ. கனத்தில் வி-0 வாங்கிய பிளாஸ்டிக் 0.8 மி.மீ.-இல் அதை வாங்கியிருக்கும் என்று சொல்லமுடியாது. பிளாஸ்டிக்கோடு வரும் தரவுத்தாளில் உங்கள் சுவரின் கனத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இட்லித் தட்டும் சரிவும்

அச்சு என்பது இரண்டு பாதி எஃகு. வெளிப்புற அழகைத் தருவது கேவிட்டி. உள்புறத்தைத் தருவது கோர். மூடியிருக்கும்போது இடைவெளியில் உருகிய பிளாஸ்டிக் பாயும், ஆறும், அச்சு ஒரே நேர்கோட்டில் திறக்கும். துண்டு சுருங்கிக் கோரைப் பிடித்துக்கொண்டிருக்கும். எஜெக்டர் பின்கள் பின்னாலிருந்து தள்ளி வெளியேற்றும்.

கணினியில் முதல் கோடு போடுவதற்கு முன் ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்: அச்சு எந்தப் பக்கம் திறக்கிறது, இரண்டு பாதியும் எங்கே சந்திக்கின்றன. அந்தச் சந்திப்புக் கோடு டப்பாவின் மேல் மெல்லிய வரியாகத் தெரியும். விரல் படும் இடத்திலிருந்து அதைத் தள்ளி வையுங்கள்.

இட்லித் தட்டின் குழியைப் பாருங்கள். வாய் அகலம், அடி குறுகல். குழி செங்குத்தான உருளையாக இருந்திருந்தால் ஒரு இட்லியும் முழுதாக வெளியே வந்திருக்காது. பிளாஸ்டிக் சுவருக்கும் அதே சரிவு வேண்டும். இதை டிராஃப்ட் என்பார்கள். வழவழப்பான சுவருக்குப் பக்கத்துக்கு 1 டிகிரி. மேற்பரப்பில் சொரசொரப்பு வேண்டுமென்றால் அதன் ஆழத்தில் ஒவ்வொரு 0.025 மி.மீ.-க்கும் இன்னும் 1 முதல் 1.5 டிகிரி சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் அச்சு திறக்கும்போது சுவர் முழுக்கக் கீறல் விழும்.

1 டிகிரி என்றால் அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நமது கீழ் மூடியின் ஆழம் 24 மி.மீ. என்றால் ஒவ்வொரு சுவரும் அடிக்குப் போவதற்குள் 0.42 மி.மீ. உள்ளே வந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.84. வாயில் அளந்து பிசிபி அளவை எலக்ட்ரானிக்ஸ்காரருக்குக் கொடுத்துவிட்டு, அது அடியில் போய் உட்காரவில்லையே என்று விழிக்கிறவர்களை நான் வருடத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். பிசிபி உட்காரும் உயரத்தில் அளந்து, சுற்றிலும் 0.5 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

திறக்கும் திசைக்குக் குறுக்கே இருக்கும் ஓட்டை, கொக்கி எல்லாம் அண்டர்கட். இவற்றுக்கு அச்சில் தனியாக நகரும் துண்டு வேண்டும். செலவு ஏறும், தேய்ந்தால் இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து மெல்லிய பிசிறு (ஃபிளாஷ்) வரும். பல நேரம் தப்பிக்க வழி உண்டு. பக்கச் சுவர் ஓட்டையை இரண்டு மூடியும் சந்திக்கும் கோட்டுக்கு நகர்த்தினால் பாதி மேலே, பாதி கீழே என்று நகரும் துண்டே தேவைப்படாது. கொக்கிக்கு நேர் கீழே தரையில் ஒரு ஜன்னல் விட்டால் எஃகு அந்த வழியாக வந்து கொக்கியின் அடியை உருவாக்கிவிடும். அந்த ஜன்னலில் எஃகும் எஃகும் உரசும் முகத்துக்கு 3 டிகிரியாவது சரிவு வேண்டும்.

வடைக்கு ஏன் ஓட்டை?

என் முதல் டர்பன் வேலையில் நடந்தது இது. பளபளக்கும் கறுப்பு மேல் மூடி, உள்ளே நாலு மூலையிலும் ஸ்க்ரூவுக்கான குழாய்கள். பைன்டவுன் பக்கம் ஒரு பட்டறையில் முதல் துண்டு விழுந்தது. அச்சுக்காரர் அறுபது தாண்டியவர். எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். தமிழில் அவருக்கு வீட்டுச் சொற்கள் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் டர்பன் ஆங்கிலம். மூடியை எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே மெதுவாகச் சாய்த்தார். விளக்கின் நேர்க்கோடு மூடியின் மேல் ஓடிவந்து, நாலு இடத்தில் மட்டும் வளைந்து நெளிந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூ குழாய்க்கும் நேர் மேலே ஒரு குழி. விரலால் தடவினால் தெரியாது, கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரியும்.

"வடைக்கு ஏன் ஓட்டை போடுகிறோம்?" என்று கேட்டார்.

நடு வேகத்தான். ஓட்டை இல்லாவிட்டால் ஓரம் கருகும், நடுவில் மாவாகவே நிற்கும். பிளாஸ்டிக்கில் இது தலைகீழ்: ஓரம் ஆறி இறுகிவிடும், கனமான நடு இன்னும் உருகி நிற்கும். நடு கடைசியில் ஆறிச் சுருங்கும்போது மேல்தோலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதுதான் சிங்க் மார்க். தோல் இறுகி இழுக்கமுடியாமல் போனால் உள்ளுக்குள் வெற்றுக் குமிழி விழும்.

அதனால் சுவர் எங்கும் ஒரே கனம். நமது டப்பாவுக்கு ஏபிஎஸ்ஸில் 2 மி.மீ. நல்ல தொடக்கம். மாறியே ஆகவேண்டும் என்றால் படியாக வெட்டாமல் சாய்வாக மாற்றுங்கள். "பலமாக இருக்கட்டுமே" என்று 3 மி.மீ. போடுகிறவர்களுக்கு: ஆறும் நேரம் கனத்தின் வர்க்கத்தோடு ஏறும். 2 மி.மீ. 3 ஆனால் ஆறுவதற்கு 2.25 மடங்கு நேரம். இயந்திரம் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு.

பலம் வேண்டுமென்றால் உள்ளே ரிப் (சுவரிலிருந்து எழும் மெல்லிய வரப்பு) போடுங்கள். ரிப்பின் கனம் சுவரில் 50 முதல் 60% வரை, அதாவது 2 மி.மீ. சுவருக்கு 1 முதல் 1.2. உயரம் சுவரைப்போல மூன்று மடங்குக்குள். பக்கத்துக்கு அரை டிகிரியாவது சரிவு. இரண்டு ரிப்புக்கு நடுவில் சுவரின் இரு மடங்கு இடைவெளி.

இனி அந்த ஸ்க்ரூ குழாய், பட்டறைப் பேச்சில் பாஸ். 3 மி.மீ. பிளாஸ்டிக் ஸ்க்ரூவுக்கு ஏபிஎஸ்ஸில் ஓட்டை 2.4 மி.மீ., வெளிவிட்டம் 6, ஸ்க்ரூ இறங்கும் ஆழம் 6 என்பது நன்கு பழகிய கணக்கு. பாலிகார்பனேட்டில் ஓட்டை கொஞ்சம் பெரிதாக, ஸ்க்ரூ விட்டத்தில் 0.85. சரி, இப்போது பாஸின் சுவரைக் கணக்கிடுங்கள்: 6-இல் 2.4 போக 3.6, அதில் பாதி 1.8 மி.மீ. சற்றுமுன் ரிப்புக்கு 1.2-ஐத் தாண்டக்கூடாது என்றேன், குழி விழாமல் இருக்க பாஸின் சுவருக்கும் அதே எல்லைதான். இரண்டு விதியும் மோதுகின்றன. பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் நழுவிவிடும்.

அங்கிள் காட்டிய வழி: பாஸின் ஓட்டையை அடிவரை இறக்கி, மேல் மூடியின் சுவருக்குள்ளும் கொஞ்சம் புகவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது. கூடவே பாஸின் காலைச் சுற்றித் தரையில் ஒரு ஆழமற்ற பள்ளம். குழி முழுக்கப் போகாது, ஆனால் மெல்லிய சொரசொரப்பு வைத்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். அதைவிட நல்ல வழியும் உண்டு: மேல் மூடியில் பாஸே வேண்டாம் என்று முடிவெடுத்து, அதைக் கீழ் மூடிக்கு மாற்றி, மேல் மூடியைக் கொக்கியால் பிடிப்பது. நான் அதைத்தான் செய்தேன். பாஸை மூலைச் சுவரோடு ஒட்டி வரையவும் வேண்டாம், அங்கேயும் பிளாஸ்டிக் கட்டியாகச் சேரும். தள்ளி நிறுத்தி ஒரு ரிப்பால் இணையுங்கள்.

கொக்கி உடையாமல் இருக்க

கொக்கி ஒரு சின்ன நீச்சல் பலகை மாதிரி. மூடும்போது வளையும், மூடியபின் நிமிரும். வளையும்போது அடியில் எவ்வளவு இழுபடுகிறது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஒன்றரையைக் கொக்கியின் கனத்தாலும் வளையும் தூரத்தாலும் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். 1 மி.மீ. கனம், 1 மி.மீ. வளைவு, 10 மி.மீ. நீளம்: 1.5%. அதே கொக்கியை இடமில்லை என்று 6 மி.மீ. ஆக்கினால் 4.2%. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தரவுத்தாளில் கொடுத்திருக்கும் எல்லையோடு ஒப்பிடுங்கள். பலமுறை திறந்து மூடும் கொக்கி என்றால் அந்த எல்லையில் 60% மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உடைவது எப்போதும் அடி மூலையில். அங்கே கனத்தில் பாதி ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள்.

இரண்டு மூடியும் சந்திக்கும் ஓரத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகும் உதடும் பள்ளமும் வைத்தால் சுவர் வெளியே பிதுங்காது. அப்படியும் இரண்டு விளிம்பும் ஒரே தளத்தில் வந்து நிற்காது, பத்தில் ஒரு மி.மீ.-ஆவது தவறும். வேண்டுமென்றே 0.3 முதல் 0.5 மி.மீ. இடைவெளிக் கோடு ஒன்றைச் சுற்றிலும் விட்டுவிடுங்கள். அந்த நிழலில் தவறு மறைந்துவிடும். உங்கள் டிவி ரிமோட்டின் ஓரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

பாலிகார்பனேட் பாஸில் ஸ்க்ரூ கழலாமல் இருக்க லாக் திரவம் ஊற்றாதீர்கள். சில வாரத்தில் மயிரிழை வெடிப்பு விடும்.

பிசிபியோடு சண்டை போடாமல்

யூஎஸ்பி-சி வாயில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். வாய்க்கு மட்டும் ஓட்டை விட்டு, 2 மி.மீ. சுவருக்குப் பின்னால் கனெக்டரை வைப்பார்கள். பிளக்கின் பிளாஸ்டிக் பிடி சுவரில் முட்டும், உள்ளே முழுதாக இறங்காது, சார்ஜ் வந்து வந்து போகும். அந்தப் பிடி 12.35 மி.மீ. அகலம், 6.5 மி.மீ. தடிமன் வரை இருக்கலாம் என்று தரவிதி அனுமதிக்கிறது. ஒன்று, கனெக்டரின் முகத்தைச் சுவரின் வெளிமுகத்துக்குக் கொண்டுவாருங்கள்; இல்லையென்றால் அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்றைச் சுவரில் விடுங்கள்.

பொத்தான்: உள்ளே இருக்கும் சுவிட்ச் நகர்வது வழக்கமாக 0.25 மி.மீ.தான். பிசிபியின் தடிமனே 1.6 மி.மீ.-இல் 10% ஏறி இறங்கும், அதாவது 0.16. பொத்தானை சுவிட்ச்சைத் தொடும்படி வரைந்தால் சில டப்பாக்களில் பொத்தான் எப்போதும் அமுங்கியே இருக்கும். 0.2 மி.மீ. இடைவெளி விட்டு, ஓரத்திலும் பக்கத்துக்கு 0.2 முதல் 0.3 விடுங்கள்.

எல்இடி: வெள்ளை டப்பா என்றால் சுவரே ஒளிரும், பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு கசியும். ஒவ்வொரு எல்இடியையும் சுற்றி ஒரு சின்னச் சுவர் எழுப்பிவிடுங்கள்.

பை வடிவ லித்தியம் செல் போடுகிறீர்கள் என்றால் அது வயதாக ஆக உப்பும். தடிமனில் பத்தில் ஒரு பங்கு காலி இடம் வேண்டும். 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட உருளைச் செல்லுக்கு அந்தக் கவலை குறைவு. வைஃபை ஆன்டெனா இருந்தால் அதன் எதிரே குரோம் பூச்சோ உலோகப் பெயின்ட்டோ வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐகாசாவின் வகை அனுமதிக்கு அனுப்பிய பிறகு பூச்சை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. மின்சாதனப் பாதுகாப்புக்கு, கட்டாயத் தரவிதிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான என்ஆர்சிஎஸ்ஸின் அனுமதிக் கடிதமும் தேவைப்படலாம். உறையின் பிளாஸ்டிக் ரகத்தை மாற்றினால் அந்தப் பரிசோதனையையும் திரும்பப் பார்க்கவேண்டிவரும்.

அச்சுப்பட்டறைக்குப் போகும்போது

மூன்று விஷயங்களை நீங்களே முடிவு செய்து வரைபடத்தில் எழுதுங்கள், பட்டறைக்கு விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் நுழையும் கேட் எங்கே, எஜெக்டர் பின் தழும்பு எந்த முகத்தில் வரலாம், எந்த முகத்தில் வரவே கூடாது. கேட் பக்கத்திலிருந்து வரும் பிளாஸ்டிக் ஒரு ஓட்டையைச் சுற்றிப் பிரிந்து மறுபக்கம் சேரும் இடத்தில் மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டில் பலம் குறைவு. அது கொக்கியின் அடியில் விழாதபடி கேட்டை நகர்த்துங்கள்.

எங்கே இறுக்கமாகப் பொருந்தவேண்டும் என்று சந்தேகம் இருக்கிறதோ, அங்கே பிளாஸ்டிக் குறைவாக இருக்கும்படி அச்சைத் தொடங்கச் சொல்லுங்கள். எஃகைச் சுரண்டி எடுத்துப் பிளாஸ்டிக்கைக் கூட்டுவது அரை நாள் வேலை. எஃகைத் திரும்ப ஒட்டவைக்க வெல்டிங் வேண்டும், தழும்பும் தெரியும். பல அச்சுகள் சீனாவில் வெட்டப்பட்டு டர்பன் துறைமுகம் வழியாக வருகின்றன. இங்கே இறங்கியபின் தெரியும் தப்பைத் திருத்துவது இரட்டைச் செலவு. அதனால் அங்கிருந்து முதல் சோதனைத் துண்டுகளை விமானத்தில் வரவழைத்து, பிசிபியைப் போட்டு மூடிப் பார்த்தபிறகுதான் அச்சைக் கப்பலில் ஏற்றச் சொல்லுங்கள்.

துண்டு சூடாக விழுந்தவுடன் அளக்காதீர்கள், சுருக்கம் முடிந்திருக்காது. ஒரு நாள் வைத்து அளங்கள். பாலிகார்பனேட் துண்டில் வெள்ளிக் கோடுகள் தெரிந்தால் குருணை ஈரமாக இருந்திருக்கிறது. 120 டிகிரி செல்சியஸில் மூன்று நாலு மணி நேரம் உலர்த்தவேண்டிய சரக்கு அது. டர்பன் ஈரக்காற்றில் மூட்டையைத் திறந்து வைத்துவிட்டு மதியம் சாப்பிடப் போனாலே கதை முடிந்தது. அதேபோல ஓட்டத்தின் நடுவில் மின்சாரம் போனால் இயந்திரத்தின் சூடான பேரலுக்குள் (உருக்கும் குழாய்) நின்ற பிளாஸ்டிக் வெந்து கருகும். மின்சாரம் திரும்பியதும் அதை வெளியேற்றிவிட்டு, முதலில் விழும் துண்டுகளைக் கழித்துவிடுகிறார்களா என்று நேரில் நின்று பாருங்கள். கறுப்பு டப்பாவில் கரும்புள்ளி தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கின் பலமே போயிருக்கும்.

எல்லாம் சரியாக வந்ததும் நல்ல துண்டாக இரண்டு எடுத்து, உள்பக்கம் தேதி போட்டு, நீங்களும் அச்சுக்காரரும் கையெழுத்திடுங்கள். ஒன்று பட்டறையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கட்டும். மற்றது உங்கள் மேசை இழுப்பறையில், வெயில் படாமல்.